நீல வண்டிக்காரர் கை தூக்கவில்லை

வர்க்ஸ்வொர்த்
5 மே 1986

திரு. மெர்வின் ஹாலம் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் முகவரியை நம் எம்.ஜி. கார் சங்கத்து உறுப்பினர் புத்தகத்திலிருந்து எடுத்தேன். வெளிர் நீலத்தில் எம்.ஜி.ஏ. வைத்திருப்பவர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நீங்கள் ஒருவர்தான் என்று அதில் போட்டிருக்கிறது. ஆகவே நேற்று, ஞாயிற்றுக்கிழமை, ஹார்ட்டிங்டன் தாண்டி இரண்டு பக்கமும் கல் சுவர் நெருக்கும் அந்தக் குறுகல் சாலையில் எனக்கு எதிரே வந்தது நீங்களேதான். மறுக்க வழியில்லை.

நான் கை தூக்கினேன். நீங்கள் தூக்கவில்லை.

இது ஒரு விஷயமா என்று நீங்கள் நினைக்கலாம். என் கணவர் ட்ரெவரும் அதைத்தான் கேட்டார். "அந்தாளு கை தூக்கலைன்னா இப்ப என்னடி, குடியா முழுகிப்போச்சு?" என்றார். அவர் ஓட்டுவது ஹீட்டர் வைத்த நான்கு கதவு வண்டி. அந்த மாதிரி வண்டிக்காரர்கள் எதிரெதிரே வந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதுகூட இல்லை. நம் கதை அப்படியா? கூரையில்லாத பழைய வண்டியில் மழையில் நனைந்து, காற்றில் காது மரத்து, எப்போது நிற்கும் என்று தெரியாத ஒன்றை ஆசையாக ஓட்டிக்கொண்டு வருகிறோம். எதிரில் அதேபோல் இன்னொரு பைத்தியம் வந்தால் கை தூக்குகிறோம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

என் இருபதுகளில், டார்பி ரயில் நிலையத்துக்கு வெளியே முதன்முதலாக ஓர் எம்.ஜி.ஏ.வைப் பார்த்தேன். பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பஸ் போய்விட்டது. நான் பெண்களுக்கான மேல்கோட்டு தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அப்போது வேலையில் சேர்ந்த புதிது. தோளிலிருந்து இறங்கி, இடுப்பில் ஒடுங்கி, மறுபடி எழுகிற ஒரு வளைவைத் துணியில் கொண்டுவர என் மேஸ்திரியிடம் நாள் முழுக்கத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். அதே வளைவை யாரோ தகரத்தில் கொண்டுவந்து ரயிலடியில் நிறுத்தியிருந்தார்கள். எங்கே தையல் போட்டிருக்கிறார்கள் என்று சுற்றிச் சுற்றித் தேடினேன். அகப்படவில்லை.

போன இலையுதிர் காலத்தில்தான் எனக்கென்று ஒன்றை வாங்க முடிந்தது. பனிக்காலம் முழுக்க ஷெட்டில் இருந்தது. நேற்றுதான் முதன்முறையாக எதிரே இன்னோர் எம்.ஜி.ஏ. வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, கை தூக்குவதை வீட்டுக் கண்ணாடி முன்னால் பழகிக்கூடப் பார்த்திருந்தேன். உங்களுக்கு வழிவிட்டு, பக்கக் கண்ணாடி சுவரில் உரச ஒதுங்கி, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கினேன். நீங்கள் ராஜா பவனி வருவதுபோல் நேரே பார்த்தபடி போய்விட்டீர்கள்.

ஒரு விளக்கம் கிடைத்தால் மனம் ஆறும்.

ஹெஸ்டர் டகெட் (திருமதி)


லாங்னர்
10 மே 1986

திருமதி டகெட் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்து மிகவும் பொடி. அடுத்த முறை பெரிதாக எழுதினால் நல்லது.

அன்று வெயில் கண்ணில் அடித்தது. வேறு காரணம் இல்லை. நாற்பது வருடம் சுண்ணாம்புக்கல் குவாரியில் சர்வேயராக இருந்தவன் நான். பள்ளத்தாக்குக்கு அந்தப்புறம் நிற்பவனுடைய சட்டைப் பொத்தானை எண்ணிச் சொல்வான் ஹாலம் என்று பெயர் எடுத்தவன். பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் போகிற ஆள் இல்லை. உங்கள் மனம் புண்பட்டதற்கு வருந்துகிறேன்.

தையல் தேடினேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். நான் ஒன்று கேட்கிறேன். கதவுக்கு வெளியே கைப்பிடி இல்லை என்பதைக் கவனித்தீர்களா? கையை உள்ளே விட்டுக் கயிற்றை இழுத்தால்தான் திறக்கும். சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் இதைக் குறை என்கிறார்கள். எனக்கு அந்த வண்டியிலேயே பிடித்தது அதுதான். முன்விளக்கிலிருந்து புறப்பட்ட வளைவு கதவின் மேல் இறங்கிக்கொண்டே வருகிறது. நடுவில் ஒரு கைப்பிடி இருந்திருந்தால் அங்கே தடுக்கி விழுந்திருக்கும். வேண்டாததை வைப்பதற்கு யாராலும் முடியும். வைக்காமல் விடுவதற்குத்தான் துணிச்சல் வேண்டும்.

உங்கள் வண்டி என்ன நிறம்? தெரிந்தால் அடுத்த முறை தயாராக இருப்பேன்.

மெர்வின் ஹாலம்


வர்க்ஸ்வொர்த்
18 மே 1986

அன்புள்ள திரு. ஹாலம்,

பெரிதாக எழுதியிருக்கிறேன், இதற்கு மேல் பெரிதாக எழுதினால் சுவரில்தான் எழுத வேண்டும்.

என் வண்டி சிவப்பு. கை எட்டுகிற தூரத்தில் கடந்து போனவர் இதைக் கேட்டது எனக்கு இரண்டாவது அவமானம். போகட்டும், கைப்பிடியைப் பற்றி நீங்கள் எழுதியதற்காக மன்னித்துவிட்டேன். எங்கள் கம்பெனியில் இப்படித்தான் சண்டை நடக்கும். விற்பனைக்காரர்கள் வந்து இங்கே ஒரு பை வையுங்கள், அங்கே இரண்டு பித்தான் வையுங்கள் என்பார்கள். "வச்சா கோட்டு நிக்காதுங்க, பைதான் நிக்கும்" என்று நான் கத்துவேன். உங்கள் வரியை அங்கே சுவரில் ஒட்டலாம் என்று இருக்கிறேன்.

நேற்று பேக்வெல் சந்தைக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு ஜாகுவார் இ-டைப் நின்றது. ஊரே சுற்றி நின்றது. ட்ரெவர்கூட வாங்கிய புட்டிங்கைக் கையில் வைத்துக்கொண்டு தின்ன மறந்து நின்றார். "இது காருடி! உன்னுது சோப்புப் பெட்டி" என்றார். அது அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் தான் அழகி என்று தெரிந்த அழகி. எல்லோரும் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நிற்கிறது. நம்முடையது கண்ணாடி பார்க்க நேரமில்லாமல் தலையை வாரிக்கொண்டு கிளம்பிவிட்ட பெண். எனக்கு அவளைத்தான் பிடிக்கும்.

பக்கத்திலேயே ஒரு டிரையம்ப் டி.ஆர்.3 நின்றது, அதை யாரும் கவனிக்கவில்லை. அதன் கதவைப் பார்த்திருக்கிறீர்களா? ஓட்டுகிறவரின் முழங்கைக்காகவே அப்படி ஆழமாகக் குடைந்திருக்கிறார்கள், ரவிக்கைக்குக் கை வெட்டுவதுபோல. முதலில் மனிதனை அளந்துவிட்டுப் பிறகு தகரத்தை வெட்டியிருக்கிறார்கள். பார்த்ததும் அதை வெட்டிய ஆளைக் கண்டுபிடித்து வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

சிவப்பு. பின்னால் பெட்டி கட்டும் கம்பி உண்டு. மறந்துவிடாதீர்கள்.

ஹெஸ்டர் டகெட்


லாங்னர்
12 ஜூன் 1986

அன்புள்ள திருமதி டகெட்,

இப்போது மனத்தாங்கல் என்னுடையது.

இந்த இரண்டு வாரத்தில் உங்களை மூன்று முறை சாலையில் பார்த்துவிட்டேன். ஹார்ட்டிங்டன் போகிற வழியில் ஒரு முறை, குரோட்கோட் இறக்கத்தில் ஒரு முறை, நேற்று காலை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் முன்னாலேயே ஒரு முறை. சிவப்பு என்று தெரிந்ததும் மூன்று முறையும் கையைத் தோளுக்கு மேலே தூக்கினேன். நேற்று ஹார்ன்கூட அடித்தேன். நீங்கள் பதிலுக்கு ஒரு விரலைக்கூட அசைத்ததாகத் தெரியவில்லை. கண்ணாடி முன்னால் பழகியதெல்லாம் என்ன ஆயிற்று?

விளையாட்டுக்குச் சொல்கிறேன், கோபம் இல்லை. செப்டம்பரில் நடக்கும் வருடாந்தர ஓட்டத்துக்கு நீங்கள் வர வேண்டும். நம் சங்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. பாதி வண்டிகள் லேடிபவர் ஏரிப் பக்கமிருந்து கிளம்பும், பாதி கிளாசப் பக்கமிருந்து. ஸ்நேக் கணவாய் மேலே எல்லோரும் எல்லோருக்கும் எதிரே வந்து கை தூக்கிக் கடந்து போவோம். அவ்வளவுதான் நிகழ்ச்சி. பரிசு கிடையாது, போட்டி கிடையாது. ஏரிப் பக்கத்து வரிசையில் முதல் வண்டி எப்போதும் என்னுடையதுதான். இரண்டாவதாக நீங்கள் வரலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

என் இடதுபக்க மட்கார்டில் சின்னதாக ஓர் உரசல். ஆடுகள் கேட்டைத் தள்ளிவிட்டன. உங்களுக்குத் தெரிந்த நல்ல தகரவேலைக்காரர் யாராவது உண்டா?

மெர்வின் ஹாலம்


வர்க்ஸ்வொர்த்
16 ஜூன் 1986

அன்புள்ள திரு. ஹாலம்,

மே கடைசியிலிருந்து என் வண்டி ஷெட்டில் செங்கல் மேல் நிற்கிறது. கிளட்ச் நழுவ ஆரம்பித்தது. இந்த வண்டியில் கிளட்சைத் தொட வேண்டுமென்றால் என்ஜினையே வெளியே தூக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தூக்கினோம். அது இப்போது உத்தரத்தில் சங்கிலி போட்டுத் தொங்குகிறது. ட்ரெவர் அதற்குக் கீழே நின்று டீ குடிக்கிறார்.

நீங்கள் யாருக்குக் கை தூக்கினீர்கள்?

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ட்ரெவருக்கும் படித்துக் காட்டினேன். எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிற மனிதர், அவர் சிரிக்கவில்லை. "அந்த ஆளுக்குக் கண்ணு தெரியலடி" என்றார்.

அதன்பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை. உங்கள் முதல் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். வெயில் கண்ணில் அடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று வெயிலே இல்லை, திரு. ஹாலம். காலையிலிருந்து மூடாக்குப் போட்டிருந்தது. தொப்பி எடுத்துக்கொள்ளாமல் போய் எனக்கு மூன்று நாள் ஜலதோஷம்.

தப்பாக நினைக்காதீர்கள். நன்றாகத்தான் தெரிகிறது என்று ஒரு வரி எழுதுங்கள், நம்பிவிடுகிறேன்.

ஹெஸ்டர்


லாங்னர்
20 ஜூன் 1986

திருமதி டகெட் அவர்களுக்கு,

ஒரு குறும்புக் கடிதத்துக்குப் பதில் போட்டது என் தப்பு. சிவப்பு வண்டி இந்த மாவட்டத்தில் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறதா? வேறு யாருக்கோ கை தூக்கியிருப்பேன். அதற்குள் கண்ணுக்கு வைத்தியம் சொல்லக் கிளம்பிவிட்டீர்கள், கணவனும் மனைவியுமாக.

இந்தச் சாலைகளை அளந்து வரைபடம் போட்டவன் நான். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன்.

இனி எழுத வேண்டாம்.

எம். ஹாலம்


வர்க்ஸ்வொர்த்
7 ஜூலை 1986

திரு. ஹாலம்,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

சனிக்கிழமை ட்ரெவரின் வண்டியில் உங்கள் ஊருக்கு வந்தேன். கடை வாசலில் தபால்காரர் நின்றிருந்தார். நார்மன் என்று பெயர் சொன்னார். அவருடைய வேனைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நல்ல சிவப்பு. ஆனால் நம் வண்டியைப்போல் இரண்டு மடங்கு உயரம், மூட்டை கட்டியதுபோல் ஒரு முதுகு. அதையா என்னுடையது என்று நினைத்தீர்கள்?

உங்களைப் பற்றி விசாரித்தேன்.

"ஹாலம் சாரா? தங்கமான மனுஷன், கண்ணு" என்றார். "ஒரு மாசமா என் வேனப் பாத்தாலே கை தூக்குறாரு. ஊர்வலத்துல போற மகாராணி தோத்துப்போவா."

"நீங்க பதிலுக்குத் தூக்குவீங்களா?"

"தூக்காம இருப்பேனா? மொதல்ல சுவரோரமா ஒதுங்கிருவேன். அப்புறந்தான் கை."

"ஏன் ஒதுங்குறீங்க?"

அவர் கையிலிருந்த தபால் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க அவருக்கு வேண்டியவங்களா? அப்பச் சொல்லுறேன். அந்த நீல வண்டிச் சத்தம் கேட்டா ஊரே ஒதுங்கிக்கும். பள்ளிக்கூடத்து டீச்சரு புள்ளைங்கள உள்ள இழுத்துக்குவாங்க. எல்லாருக்கும் தெரியும். அவருகிட்டதான் யாரும் சொல்லல. சம்சாரம் போனப்புறம் அந்த வண்டி ஒண்ணுதான் அவருக்கு. யாரு போயிச் சொல்லுறது?"

பிறகு உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தேன். வண்டி முற்றத்தில் நின்றது. அந்த உரசலைப் பார்த்தேன். அது ஆடு செய்த வேலை இல்லை. முன்விளக்கிலிருந்து கதவு வரைக்கும் கல் இழுத்த கோடு. நீங்களும் நானும் அவ்வளவு பேசிய வளைவின் மேல் நேராக. எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்களுக்காக வந்ததா வண்டிக்காக வந்ததா என்று கேட்டால் பதில் தெரியாது.

நீங்கள் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். கேட் சத்தம் கேட்டு நிமிர்ந்து என்னை நேருக்கு நேர் பார்த்தீர்கள். "யாரு, நார்மனா? கடுதாசி ஏதும் இருக்கா?" என்றீர்கள். நான் பாவாடை கட்டி, தலையில் பூப்போட்ட கைக்குட்டையும் கட்டியிருந்தேன். அப்படியே திரும்பி வந்துவிட்டேன். அதற்கு மன்னியுங்கள்.

முதல் கடிதத்தில் ஒன்றைச் சொல்லவில்லை. சண்டைக்காரி என்று நினைத்துவிடுவீர்களோ என்று விட்டுவிட்டேன். மே மாதம் நான்காம் தேதி நீங்கள் சாலையில் என் பக்கமாகவே எதிரே வந்துகொண்டிருந்தீர்கள். மரியாதைக்காக நான் சுவரோரம் ஒதுங்கவில்லை. ஒதுங்காவிட்டால் இடித்திருப்பீர்கள். அப்போதும் நான், வண்டி அழகில் மயங்கி, கை தூக்கிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் ஸ்நேக் கணவாயில் வரிசையாக வண்டிகள் எதிரே வரும். எல்லோரும் ஒரு கையால்தான் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். முதல் வண்டி உங்களுடையது.

லைசென்ஸ் அலுவலகத்துக்கு எழுத ஒரு தாளை எடுத்து, மடித்து வைத்துவிட்டேன். ஜூலை முடியும் வரைக்கும் காத்திருப்பேன். அதற்குமேல் எழுதிவிடுவேன். நீங்கள் என்னை வாழ்நாள் முழுக்க வெறுத்தாலும் சரி. பள்ளிக்கூடம் அந்தச் சாலையில்தான் இருக்கிறது.

ஹெஸ்டர் டகெட்


லாங்னர்
29 ஜூலை 1986

திருமதி டகெட்,

அடிக்கோலை வைத்துக் கோடு பிடித்து எழுதுகிறேன். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். உங்கள் கடிதத்தை நார்மன்தான் படித்துக் காட்டினார். தன்னைப் பற்றிய இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். "மிச்சத்த நீங்களே படிச்சுக்கங்க சார்" என்றார். "என்னால முடியாது நார்மன்" என்றேன். அப்படித்தான் அது முதன்முதலாக என் வாயிலிருந்து வந்தது.

பக்ஸ்டனில் கண் டாக்டரைப் பார்த்தேன். விழியின் நடுப்பகுதி போய்விட்டது என்கிறார். இரண்டிலும். ஓரங்கள் நன்றாக இருக்கின்றனவாம், கடைசிவரை இருக்குமாம். அதனால்தான் இவ்வளவு நாள் ஓட்ட முடிந்தது. சுவர் தெரியும், புல் தெரியும், சாலையின் விளிம்பு தெரியும். எதைப் பார்க்கிறேனோ அது மட்டும் இருக்காது. எதிரே வருகிற வண்டி சரியாக அந்த இடத்தில்தான் வரும்.

எனக்கு இது தெரிந்தே இருந்தது. தெரியாது என்று உங்களுக்கும் சொல்லி எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

சாவியை நார்மனிடம் கொடுத்துவிட்டேன். உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அதற்கு இன்னும் மனம் வரவில்லை. வந்ததும் சொல்கிறேன்.

விற்பதற்கும் மனம் வரவில்லை. காலையில் முற்றத்துக்குப் போய் வண்டியைக் கையால் தடவிக்கொண்டு ஒரு சுற்று வருகிறேன். ஒரு விஷயம் கண்டுபிடித்தேன், உங்களைத் தவிர யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. முன் மட்கார்டின் வளைவு கதவின் நடுவில் இறங்கி முடிந்து, பிறகு பின்பக்கத்து வளைவு தனியாகத் தொடங்குகிறது என்றுதான் இருபது வருடமாகச் சொல்லி வந்தேன். சங்கத்தில் பேசியும் இருக்கிறேன். விரல் வைத்துப் பார்த்தால் அப்படி இல்லை. அது எங்கேயும் முடிவதே இல்லை. இறங்கிக்கொண்டே வந்து, எப்போது திரும்பியது என்று தெரியாமலே ஏற ஆரம்பித்துவிடுகிறது. கண் அவசரப்பட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறது.

துணி வெட்டுகிறவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கும்.

செயலாளருக்கு நான் வரவில்லை என்று எழுத வேண்டும். நாளைக்கு எழுதுகிறேன்.

மெர்வின் ஹாலம்


வர்க்ஸ்வொர்த்
3 ஆகஸ்ட் 1986

அன்புள்ள மெர்வின்,

திருவையும் ஹாலத்தையும் விட்டுவிடுகிறேன். இவ்வளவு திட்டிக்கொண்ட பிறகு அதெல்லாம் எதற்கு?

அந்த மடித்த தாளை அடுப்பில் போட்டேன். செயலாளருக்கு எழுதாதீர்கள்.

என் நிலைமையைக் கேளுங்கள். ட்ரெவர் புதுக் கிளட்ச் போட்டு, என்ஜினை உள்ளே இறக்கி, எல்லாவற்றையும் முடுக்கி, முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து கியர் போட்டார். வண்டி அசையவில்லை. கிளட்ச் தட்டைப் பின்பக்கம் முன்னாக மாட்டியிருக்கிறார். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானடி இருந்துச்சு!" என்கிறார். என்ஜின் மறுபடி சங்கிலியில் தொங்குகிறது. ஆகவே உங்களிடம் வண்டி இருக்கிறது, ஓட்ட ஆள் இல்லை. நான் ஓட்டுவேன், வண்டி இல்லை. மீதியை நானே சொல்ல வேண்டுமா?

எனக்கு அந்தக் கணவாய் பழக்கம் இல்லை. உங்களுக்கு அது மனப்பாடம். நீங்கள் இடதுபக்கம் உட்கார்ந்து வளைவு வருவதற்கு முன்னால் சொல்லுங்கள், நான் ஓட்டுகிறேன். கை தூக்குகிற வேலை உங்களுடையது. எதிரே நம் சங்கத்து வண்டி வரும்போது "இப்ப" என்பேன். நீங்கள் தூக்கினால் போதும்.

உங்கள் வளைவு விஷயம். தெரியும். அதைத்தான் ரயிலடியில் தேடினேன்.

ஹெஸ்டர்


லாங்னர்
14 ஆகஸ்ட் 1986

அன்புள்ள ஹெஸ்டர்,

என் வண்டியை இதுவரை வேறு யாரும் ஓட்டியதில்லை. பத்து நாள் யோசித்தேன். நார்மன் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "அந்தம்மா உங்கள விடமாட்டாங்க சார், பேசாம ஏறி உக்காருங்க" என்றார். தபாலைக் கொண்டுவந்து கொடுப்பதோடு நில்லாமல் கருத்தும் சொல்கிறார்.

சரி. ஆனால் நின்ற பிறகுதான் முதல் கியர் போட வேண்டும், உருளும்போது போட்டால் பல் கடிக்கும். கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டக் கூடாது, உங்கள் கிளட்ச் ஏன் போயிற்று என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கியரை நீவிக் கொடுங்கள், பிடித்துத் தள்ளாதீர்கள். என் இருமலை வைத்து நான் கோபமாக இருக்கிறேனா என்று கண்டுபிடிக்க வேண்டாம், கோபமாகத்தான் இருப்பேன்.

உரசலை அப்படியே விட்டிருக்கிறேன். அது அங்கே இருக்கட்டும்.

மெர்வின்


வர்க்ஸ்வொர்த்
8 செப்டம்பர் 1986

அன்புள்ள மெர்வின்,

நேற்றைய ஒத்திகைக்குப் பிறகு என்னோடு பேசுகிறீர்களா என்று தெரியவில்லை. ஒரே ஒரு முறைதான் பல் கடித்தது. நீங்கள் ஏதோ உங்கள் பல்லே கடிபட்டதுபோல் கத்தினீர்கள். உங்கள் பக்கத்தில் பிரேக் கிடையாது, வலது காலால் அவ்வளவு மிதித்துப் பயனில்லை. தரைப்பலகைதான் ஓட்டையாகும்.

ஆனால் குரோட்கோட் இறக்கத்தில் "இப்ப விடுங்க, தானா திரும்பும்" என்று சொன்னீர்களே. விட்டேன். திரும்பியது. என் வண்டியில் நான் இதுவரை சண்டை போட்டுத் திருப்பிய வளைவு அது.

ட்ரெவர் கிளட்சைச் சரியாக மாட்டிவிட்டார். என் வண்டி இம்முறை முன்பக்கமாகவே போகிறது. இருந்தாலும் நாம் போவது உங்களுடையதில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். கம்பளித் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹெஸ்டர்


லாங்னர்
17 செப்டம்பர் 1986

அன்புள்ள ஹெஸ்டர்,

முதலில் நன்றி. மனம் வந்ததும் சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா, ஞாயிற்றுக்கிழமை கணவாய் உச்சியில் வந்தது. அப்போதே சொல்லியிருப்பேன், காற்றில் கேட்டிருக்காது.

இத்தனை வருடம் அந்த வண்டியை ஓட்டினேனே தவிர, அதில் பயணம் செய்ததில்லை என்று தெரிந்தது. கை சும்மா இருந்ததால் வெளியே தொங்கவிட்டுக் கதவைத் தொட்டுக்கொண்டே வந்தேன். ஓடும்போது அந்தத் தகரம் இலேசாக அதிர்கிறது. என் பக்கத்திலேயே அப்படி ஒன்று நடந்துகொண்டிருந்தது இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

இப்போது ஒரு புகார். நீங்கள் "இப்ப" என்று சொல்லும்போதெல்லாம் கை தூக்கினேன். கண்தான் போயிற்று, காது இருக்கிறது. எம்.ஜி. எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் "இப்ப" என்று சொன்னவற்றில் ஒன்று பால் லாரி. ஒன்று ஷெஃபீல்டு பஸ், அதன் காற்று என் தொப்பியைக் கொண்டுபோகப் பார்த்தது. ஒன்று டிராக்டர், சந்தேகமே இல்லை, சாண வாடை அடித்தது. ஏமாற்றுகிறீர்கள் என்று தெரிந்தேதான் ஒவ்வொன்றுக்கும் கை தூக்கினேன். ஏன் அப்படிச் செய்தீர்கள்?

கடைசியாக வந்தது நிஜம். எம்.ஜி.ஏ.தான், வால்வு கொஞ்சம் தட்டுகிறது, சரிசெய்யச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் எல்லாவற்றையும்விட உயரமாகத் தூக்கினேன்.

நார்மன் வேனில் போகும்போது நான் கை தூக்கியபோதெல்லாம் பதிலுக்குத் தூக்கினாராம். எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அதிலிருந்து ஒரே ஒரு விஷயம் மனதைக் குடைந்துகொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவர்களெல்லாம் தூக்கினார்களா?

மெர்வின்


வர்க்ஸ்வொர்த்
20 செப்டம்பர் 1986

அன்புள்ள மெர்வின்,

தூக்கினார்கள்.

நம் வண்டிக்காரர்கள் ஒருவர் விடாமல் தூக்கினார்கள். பால் லாரிக்காரர் இரண்டு கையையும் தூக்கினார், எனக்குத் திக்கென்றது. டிராக்டர்காரர் தொப்பியைக் கழற்றினார். பஸ்ஸில் டிரைவர் தூக்கினார், ஜன்னலோரம் இருந்தவர்களும் தூக்கினார்கள். பின்சீட்டில் ஒரு குழந்தை நாம் மறையும் வரைக்கும் ஆட்டிக்கொண்டே இருந்தது.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். மே மாதத்தில் தூக்காத ஒரு கையைப் பற்றி எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கை மேலே போகும்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன். இன்னொரு முறை பார்க்க வேண்டும் போல் இருந்தது. எதிரே வேறு ஒன்றும் வரவில்லை, டிராக்டர்தான் வந்தது. நான் என்ன செய்வேன்?

ஒரே ஓர் ஆள் மட்டும் தூக்கவில்லை. கடைசியாக வந்த அந்தச் சிவப்பு எம்.ஜி.ஏ.காரர். அது என் வண்டி. உள்ளே இருந்தது ட்ரெவர். எனக்குத் தெரியாமல் விடியற்காலையில் எடுத்துக்கொண்டு கிளாசப் வரிசையில் போய் நின்றிருக்கிறார். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நேரே பார்த்தபடி, ராஜா பவனி வருவதுபோல் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏன் கை தூக்கலை?"

"கைய எடுத்தா வண்டி எங்க போகும்னு எவனுக்குடி தெரியும்?" என்றார். பிறகு சாப்பிடும்போது, கேட்காமலே, "அந்த வண்டில கதவுக்கு வெளிய கைப்பிடியே இல்லையே, கவனிச்சியா? அதான் அவ்வளவு அழகா இருக்கு" என்றார்.

இருந்தாலும் கை தூக்காதது தூக்காததுதான். நீங்கள் அவருக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுத வேண்டும், கொஞ்சம் கடுமையாகவே. முகவரி உங்களுக்குத் தெரியும்.

ஹெஸ்டர்